மூன்றாவது வாரமே சொல்லியிருக்கலாம்

உயிரோடிருக்கும் ஒருவரின் படத்திலிருந்து மாலையை எப்படிக் கழற்றுவது? எனக்குத் தெரியவில்லை. ஒரு மணி நேரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். இறந்தவர் படத்துக்கு மாலை போடும் முறை எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போட்டுவிட்டோம், மன்னியுங்கள் என்று கழற்றும் முறையை யாரிடம் கேட்பது? கோயில் பூசாரியிடம் கேட்டால் அவர் முதலில் என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

உன் கணவரின் படம் என் சாப்பாட்டு மேசைமேல் சாய்ந்து நிற்கிறது. சந்தன நிறத்தில் பிளாஸ்டிக் மாலை. கண்ணாடியில் இருபத்திரண்டு வருடத்துச் சாம்பிராணிப் புகை படிந்து அவர் முகமே மங்கிவிட்டது. சோறு போட்டு உட்கார்ந்தால் அந்த வாசனைதான் முதலில் வருகிறது. போன வாரம் உன் வீட்டை ஒதுங்க வைத்தபோது ஷாலினி இதைக் கொண்டுவந்து தந்தாள்.

“ஆன்ட்டி, அம்மா படம் பிரேம் போட்டு வந்ததும் ரெண்டையும் ஒன்னா மாட்டிக்கிறேன். அது வரைக்கும் உங்க வீட்டுல இருக்கட்டும்.”

உன் மகள் கேட்டு நான் எதையும் மறுத்ததில்லை. வாங்கி வைத்தேன். இன்று மாலை அவள் கைப்பேசியில் குரல் செய்தி அனுப்பினாள்.

“ஆன்ட்டி, நாளைக்கு லேண்ட் ஆபீஸ் போறேன். அம்மா பேர்ல இருக்குற வீட்டு கிராண்ட்ட என் பேருக்கு மாத்தணும்ல. அப்பாவோட சூராட் மாத்தி கேக்குறாங்க. அம்மா பொட்டியெல்லாம் தேடிட்டேன், இல்ல. உங்ககிட்ட குடுத்து வச்சாங்களா? காலையில எட்டு மணிக்கு வந்து எடுத்துக்குறேன் லா.”

சூராட் மாத்தி. இறப்புச் சான்றிதழ். கோலா பிலாவில் தினமும் காலையில் ரொட்டி சானாய் சாப்பிடுகிற மனிதருக்கு நான் இறப்புச் சான்றிதழை எங்கே போய் வாங்குவேன்?

நீ போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. உன்மீது கோபப்படுவது நாகரிகமில்லை என்று தெரிகிறது. ஆனால் யாரிடம் கோபப்படுவது? இதைத் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் மூன்று பேர். ஒருத்தி நீ. இன்னொருவர் மாலையோடு என் மேசைமேல் இருக்கிறார்.

இந்தக் கோபம் எனக்குப் புதிதும் இல்லை. எட்டு வயதில் கிராணி வீட்டுச் சிமெண்டுத் தரையில் உன் பக்கத்தில் உட்கார்ந்தபோது தொடங்கியது.

பெடாஸிலிருந்து உள்ளே தள்ளியிருந்த நம் ரப்பர் தோட்டத்தில் மாலை ஆறு மணிக்குத்தான் ஜெனரேட்டரைப் போடுவார்கள். நாம் பார்த்த டிவி தொடரும் சனிக்கிழமைகளில் அதே ஆறு மணிக்குத்தான். ஜெனரேட்டர் போடுகிறவர் ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை. அதனால் ஒவ்வொரு வாரமும் முதல் ஐந்து நிமிடம் நமக்குக் கிடையாது. தோட்டக் கணக்குகளைப் பார்க்கும் கிராணியின் வீட்டில் மட்டும்தான் கலர் டிவி. வேப்ப மரத்தை விடப் பத்து மடங்கு உயரமான ஓர் இரும்பு மனிதன். அவன் நெஞ்சுக்குள் ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற ஒரு சிறுவன். சிறுவனின் தந்தை ஒரு விஞ்ஞானி, முதல் வாரமே விபத்தில் இறந்துபோனவர். ஒவ்வொரு வாரமும் சிறுவன் தந்தையின் படத்துக்கு முன்னால் பூ வைத்து ஊதுவத்தி கொளுத்திவிட்டுத்தான் சண்டைக்குப் போவான். ஜப்பானியத் தொடர், மலாய்க் குரல். நாம் தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு.

மூன்றாவது வாரம் சிறுவன் மலை உச்சியிலிருந்து விழுகிறான். உள்ளே ஓட்டுவதற்கு ஆளில்லாத இரும்பு மனிதன் தானாகக் கையை நீட்டி அவனைப் பிடிக்கிறான். அந்த உள்ளங்கையில் கிடந்தபடி, பாதி மயக்கத்தில், சிறுவன் ஒரே ஒரு சொல் சொன்னான்.

“ஆயா…”

நீ துள்ளி எழுந்தாய். “ஏய், ஆயாவாம்டி! உள்ள ஆயா இருக்கு!”

“சத்தம் போட்டா வெளிய அனுப்பிடுவேன்,” என்றார் கிராணியின் மனைவி.

மலாயில் ஆயா என்றால் அப்பா என்பது நமக்குத் தெரியாது. நம் பள்ளிப் புத்தகத்தில் அப்பாவுக்கு ‘பாபா’ என்றுதான் போட்டிருந்தது. நமக்குத் தெரிந்த ஆயா உன் அம்மாதான். விடியுமுன் பால் வெட்டப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் ஆயாக் கொட்டகையில், இரண்டு இடுப்பிலும் இரண்டு குழந்தைகளோடு, காலால் ஒரு தொட்டிலை ஆட்டிக்கொண்டு நிற்பார். விழப் போகிற குழந்தையைத் திரும்பிப் பார்க்காமலே பிடிப்பார். இரும்பு மனிதனும் அப்படித்தானே பிடித்தான்? இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? திங்கட்கிழமைக்குள் லயத்து வீடுகளின் பிள்ளைகள் எல்லோருக்கும் அவன் இரும்பு ஆயா ஆகிவிட்டான். அந்த வாரம் முழுக்க நீ மார்பை நிமிர்த்திக்கொண்டு நடந்தாய்.

அதன் பிறகு இருபத்து மூன்று வாரம் இழுத்தார்கள். தொடரில் ஒரு கிழட்டு டாக்டர் உண்டு. ஒவ்வொரு வாரமும் சிறுவனின் தோளில் கை வைத்து, “உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்” என்று தொடங்குவார். உடனே அபாயச் சங்கு ஊதும். சிறுவன் ஓடிவிடுவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“சொல்லித் தொலைச்சா என்னவாம்? நாலு வார்த்த!”

“சொல்லிட்டா அடுத்த சனிக்கிழம யாரு வருவா?” என்றாய் நீ. எட்டு வயதில், கடைக்காரர் மாதிரி.

இருபத்தாறாவது வாரம் உடைத்தார்கள். இரும்பு மனிதனுக்குள் இருந்தது சிறுவனின் தந்தையின் மனம். செத்ததாகச் சொன்ன ஆள் இத்தனை வாரமும் மகனைத் தன் நெஞ்சுக்குள்ளேயே சுமந்து திரிந்திருக்கிறார், வாய் திறக்காமல். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். “அப்பாவா? அப்ப ஆயா எங்க?” வீடு திரும்பும்போது தண்ணீர்க் குழாயடிக்கு வந்ததும் நின்று தீர்ப்பு சொன்னாய். “அவனுங்களுக்குத் தெரியல. ஆயாதான்.”

போன வருடம் யாரோ பழைய டேப்பிலிருந்து அத்தனை வாரத்தையும் இணையத்தில் ஏற்றியிருப்பதை நீ கண்டுபிடித்து எனக்கு அனுப்பினாய். “பாரு புரொபசர், நம்ம இரும்பு ஆயா!” நான் பல்கலைக்கழகம் போய்ப் படித்துவிட்டு செம்பனை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் எண்ணெய் சோதிக்கிறவள். புரொபசர் என்பது உன் கேலி. நான் பார்க்கவில்லை, நேரமில்லை என்றேன். நீ போன பிறகு நாளுக்கு ஒரு வாரமாகப் பார்த்து முடித்தேன்.

உண்மையைச் சொல்கிறேன், படு மோசம். இரும்பு மனிதனின் கைகால்கள் பறந்து வந்து ஒட்டிக்கொள்ளும் காட்சி இரண்டு நிமிடம், வாராவாரம் அதே இரண்டு நிமிடம். நமக்குக் கிடைக்காமல்போன முதல் ஐந்து நிமிடங்களுக்காக அந்தக் காலத்தில் ஏங்கியிருக்கிறோமே, அது வெறும் முன்கதைச் சுருக்கம். பதினேழாவது வாரம் டாக்டர் உண்மையைக் கடிதமாக எழுதுகிறார். கடிதம் எரிந்துபோகிறது. பத்தொன்பதாவது வாரம் புதிதாக ஒன்றுமே இல்லை, பழைய வாரங்களின் துண்டுகளை ஒட்டி, சிறுவன் ஜன்னலோரம் நின்று நினைத்துப் பார்ப்பதாகக் காட்டி ஒப்பேற்றியிருக்கிறார்கள். என் தொழிலில் இது நடக்காது. குலையை வெட்டிய பிறகு ஆலைக்குக் கொண்டுவரத் தாமதித்தால் பழத்துக்குள் அமிலம் ஏறிக்கொண்டே போகும். பிறகு என்ன செய்தாலும் இறங்காது.

என்னை அதிகம் எரிச்சலூட்டியது மூன்றாவது வாரம்தான். அப்பா என்று கூப்பிடுகிறான். இரும்பு விரல்கள் ஒரு அங்குலம் மடங்குகின்றன. அவ்வளவு தெளிவாக அன்றைக்கே காட்டியிருக்கிறார்கள். நாம்தான் அதைத் தமிழில் கேட்டுவிட்டு இருபத்து மூன்று வாரம் காத்திருந்தோம்.

சரி, உன் தொடருக்கு வருகிறேன்.

லிங்கிப் பக்கத்துத் தோட்டத்தில் குடியிருந்தபோது உன் கணவர் இன்னொரு பெண்ணோடு போனார். நீ இரண்டு வயது ஷாலினியைத் தூக்கிக்கொண்டு பெடாஸுக்குத் திரும்பி வந்தாய். கேட்டவர்களிடம் லோரி ஆக்சிடென்ட் என்றாய். என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னாய். ஊரின் வாயை மூடுவதற்கு அது போதும் என்று நானும் விட்டுவிட்டேன். ஆனால் நீ படத்தை மாட்டினாய். மாலை போட்டாய். அந்த யோசனையை எங்கிருந்து எடுத்தாய் என்று எனக்குத் தெரியாதா? அடுத்த வருடம் திதியும் வந்தது. அவர் வீட்டை விட்டுப் போன தேதியைத் திதியாக வைத்துக்கொண்டாய். வாழை இலையில் ஆட்டுக்கறி, அவித்த முட்டை, நெத்திலி சம்பல், பக்கத்தில் ஒரு டின் கறுப்பு பீர்.

“உசுரோட இருக்குற மனுசனுக்குப் படையலா? பைத்தியமா ஒனக்கு?” என்றேன்.

“மெதுவா பேசு. புள்ள கும்புடுது.”

ஷாலினி கண்ணை இறுக மூடிக்கொண்டு கும்பிட்டாள். பிறகு மூவரும் படையல் சோற்றைப் பகிர்ந்து சாப்பிட்டோம். ஒவ்வொரு வருடமும் சாப்பிட்டோம்.

நான்கு வருடம் முன்பு கோலா பிலாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அவரைப் பார்த்தேன். மறுநாளே வந்து உன்னிடம் சொன்னேன். நீ துணி மடித்துக்கொண்டிருந்தாய்.

“எளச்சிட்டாரா?”

“தொந்தி வச்சிருக்காரு.”

“பாத்தியா, படையலு ஒழுங்கா போய்ச் சேருது.”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம், நான் வாஷிங் மெஷினைப் பிடித்துக்கொண்டேன். அன்று நான் சிரித்திருக்கக் கூடாது. இன்னொன்றும் இருக்கிறது, அதை உன்னிடம் நான் சொன்னதில்லை. அவர் எழுந்து என் மேசைக்கு வந்து, “புள்ள நல்லா இருக்கா?” என்று கேட்டார். “நல்லா இருக்கா” என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அதை உன்னிடம் சொன்னால் உனக்கு வலிக்கும் என்று மறைத்தேன். பார், நானும் உன்னோடு சேர்ந்து அதே தொடர் எழுதும் வேலையைத்தான் செய்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு உன்னை நச்சரிக்கத் தொடங்கினேன். அவளுக்கு இருபது வயதாகிவிட்டது, சொல். சொல்லிவிடு. போன தீபாவளிக்கு மறுநாள் ஒரு வழியாக நீ சம்மதித்தாய். ஷாலினியை எதிரில் உட்காரவைத்தாய். என் கையைப் பிடித்துக்கொண்டாய். “ஷாலு, ஒன்கிட்ட ஒன்னு சொல்லணும்” என்றாய். தெருமுனையில் பழைய பேப்பர் லோரியின் ஒலிபெருக்கி கேட்டது. நீ விருட்டென்று எழுந்தாய்.

“ஐயோ, பேப்பர் லோரி! மூனு வாரமா கட்டி வச்சிருக்கேன்!”

ஓடிவிட்டாய். திரும்பி வந்து முறுக்கு சுடப் போய்விட்டாய். சங்கு ஊதியதும் ஓடுகிற அந்தச் சிறுவனை மன்னிக்கலாம், அவனுக்கு உலகத்தைக் காப்பாற்றும் வேலை இருந்தது. உனக்குப் பழைய பேப்பர்.

மாலையில் துணிக்கொடி அருகே உன்னை நிறுத்திக் கேட்டேன், ஏன் இப்படிச் செய்கிறாய் என்று. நீ கிளிப்புகளைக் கழற்றிக்கொண்டே சொன்னாய்.

“சொல்லிட்டா வெள்ளிக்கிழம யாரு வருவா?”

ஷாலினி நீலாயில் வேலை பார்த்துக்கொண்டு வெள்ளிக்கிழமைதோறும் உன்னிடம் வந்துகொண்டிருந்தாள். கிராணி வீட்டுப் பழைய வசனத்தை வேடிக்கைக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன். நீ சிரிக்கவில்லை என்பதை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

ஒன்று மட்டும் எனக்குக் கடைசி வரை விளங்கவில்லை. படத்துக்கு மாலை போட்ட நீ, தாலியைக் கழற்றவில்லை. பொட்டையும் விடவில்லை. கேட்கிறவர்களிடம், “இந்தக் காலத்துல யாரு அதெல்லாம் பாக்குறா” என்றாய். என்னிடம் உண்மையைச் சொன்னாய். “கழட்டுனா அவருக்கு ஏதாச்சும் ஆயிடும்டி.” செத்தவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயப்படுகிற ஒரே பெண் நீதான். இதை எந்தத் தர்க்கத்தில் வைப்பது?

பெடாஸ் பாசாரில் மீன் வாங்கும்போது நீ சரிந்து விழுந்தாய். உன்னைக் குளிப்பாட்டிக் கிடத்தியபோது கோயில் பெண்கள் குங்குமச் சிமிழோடு தயங்கினார்கள்.

“புருசன் இல்லாதவங்களுக்கு எப்படிம்மா வைக்கிறது? உசுரோட இருக்கும்போது வச்சாங்க, அது அவங்க இஷ்டம். இப்ப முறைன்னு ஒன்னு இருக்குல்ல?”

“வைங்க.”

“முறையில்லம்மா.”

“வைங்கன்னு சொல்றேன்ல!”

நான் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. வைத்தார்கள். பூவும் வைத்தார்கள். தண்ணீர்ச் சொம்போடு வாசற்படியில் நின்ற ஷாலினி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அப்பால் திரும்பிக்கொண்டேன்.

நாளைக் காலை எட்டு மணிக்கு அவள் வருவாள். என்னிடம் இரண்டு வழி இருக்கிறது. சான்றிதழ் தொலைந்துவிட்டது, அலுவலகத்தில் விசாரித்துப் பார்க்கலாம் என்று இன்னும் ஒரு வாரம் இழுக்கலாம். அப்படி இழுத்தால் அலுவலகத்திலேயே யாராவது அவளிடம், இந்தப் பெயரில் மரணப் பதிவு இல்லை என்று சொல்லிவிடுவார்கள். கவுண்டர் முன்னால், நம்பர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அதைக் கேட்க வேண்டுமா? அல்லது நான் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருடம் நீ கட்டிய கதையை நான் உடைக்க வேண்டும். அவள் உன்னை வெறுத்துவிட்டால் உனக்காக வாதாட எனக்குத் தகுதி கிடையாது. என்னை வெறுத்துவிட்டால் அவளைத் தவிர எனக்கும் வெள்ளிக்கிழமைகளில் யாரும் கிடையாது. இதையெல்லாம் என் தலையில் கட்டிவிட்டு மீன் வாங்கப் போனவள் நீ.

மூன்று வாக்கியம் எழுதி வைத்திருக்கிறேன். அதற்கு மேல் தேவையில்லை.

*

மறுநாள் நடந்ததை எழுதி முடிக்கிறேன்.

எட்டு மணி என்றவள் ஏழே முக்காலுக்கே வந்தாள். காலைச் சாப்பாட்டுக்கு இரண்டு பொட்டலம் நாசி லெமாக் வாங்கி வந்திருந்தாள். பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன் நான் தொடங்கினேன். “ஷாலினி, ஒன்கிட்ட ஒன்னு சொல்லணும்.” சொல்லிவிட்டு ஒரு கணம் நின்றேன். சங்கு ஊதவில்லை. பேப்பர் லோரி வரவில்லை. எதற்காகவோ நான் காத்து நின்றது எனக்கே வெட்கமாக இருந்தது.

“ஒங்கப்பா சாகல. ஒனக்கு ரெண்டு வயசா இருக்கும்போது வேற ஒரு பொம்பளயோட போயிட்டாரு. இப்ப கோலா பிலாவுல இருக்காரு.”

அவள் படத்தைப் பார்த்தாள். 

“அதான் அம்மாவுக்குப் பொட்டு வைக்கச் சொன்னீங்களா?”

“ஆமா.”

“அன்னைக்கே கேக்கணும்னு நெனச்சேன். நீங்க மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க.” பிறகு கேட்டாள். “எத்தன வருசமா தெரியும்?”

“ஆரம்பத்துலேர்ந்து.”

“வருசா வருசம் வந்து படையல் சோறு சாப்டீங்களே, ஆன்ட்டி.”

 அவள் எழுந்து குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் ஓடும் சத்தம் பத்து நிமிடம் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். படத்தை எடுத்துத் தன் பையில் வைக்கப் பார்த்தாள். பை சிறியது. மாலையோடு நுழையவில்லை. ஒரு கையால் மாலையை உருவி மேசையில் போட்டாள், படத்தைப் பைக்குள் தள்ளி ஜிப்பை இழுத்தாள். அவ்வளவுதான். நேற்று ஒரு மணி நேரம் யோசித்தேனே, அதற்கு அவளுக்கு இரண்டு நொடி ஆனது.

நில அலுவலகத்துக்கு நானும் போனேன். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் படிவத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மென்மையாகக் கேட்டார்.

“ஆயா மாசி ஆடா?”

அப்பா இன்னும் இருக்கிறாரா என்றுதான் கேட்டார். ஷாலினி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“ஆடா,” என்றாள்.

அப்படியானால் சட்டப்படி கணவர் என்ற முறையில் அவர் கையெழுத்து வேண்டும் என்று வேறொரு படிவம் தந்தார்கள். வெளியே கார் நிறுத்துமிடம் வரை அவள் எனக்கு முன்னால் நடந்தாள். கதவைத் திறக்கும்போது சொன்னாள்.

“ஞாயித்துக்கெழம கோலா பிலா போறோம். எனக்கு வழி தெரியாது, நீங்கதான் காடி ஓட்டணும். ஆனா வழியில உங்ககூட பேச மாட்டேன்.”

“சரி,” என்றேன்.

மாலை என் மேசைமேலேயே கிடக்கிறது. அதைக் குப்பையில் போடவும் மனம் வரவில்லை. நாசி லெமாக் பொட்டலங்களைச் சாயங்காலம் தனியாகப் பிரித்துச் சாப்பிட்டேன், இரண்டையும்.

கேட்டுக்கொள். சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வருகிறாள்.